தட்டானும் ரேடியோவும் எடுத்த பரிசு

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். பள்ளியிலும் தெருவிலும் எல்லாருக்கும் அவள் தட்டான்.

தட்டான்பூச்சி மாதிரி பறந்து திரிவதால் வந்த பெயர் இல்லை அது. எதைக் கண்டாலும் தட்டுவாள், அதனால் வந்தது. மேஜையைத் தட்டுவாள். ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். பேருந்தில் முன் இருக்கையில் வழுக்கைத் தலைக்காரர் யாராவது உட்கார்ந்துவிட்டால், இறங்கும்வரை அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இரண்டு வீடு தள்ளி இருந்த அவளுடைய கூட்டாளியின் பெயர் ரேடியோ. இருவரும் ஒரே வகுப்பு. ரேடியோவுக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. காது மட்டும் மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுத்தது போல. ஒரு சத்தத்தை ஒருமுறை கேட்டால் போதும், வாயாலேயே திருப்பிச் செய்துவிடுவாள். பேருந்து பிரேக் போடுவது, இரண்டு பூனைகள் மதில்மேல் சண்டை போடுவது, எல்லாம் அப்படியே வரும். ஒருநாள் கணக்கு வகுப்பில் பள்ளி விடும் மணியை அடித்துக் காட்டினாள். பாதி வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டது. கணக்கு ஆசிரியரும் எழுந்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை.

போன வாரம் நூலகத்தில் ஒரு போட்டி நடந்தது. எந்தக் கருவியும் இல்லாமல் தாளம் போட்டுக் காட்ட வேண்டும். தட்டான் மேஜையில் தட்டினாள், ரேடியோ வாயால் தாளம் போட்டாள். இருவரும் முதல் பரிசை வாங்கிவிட்டார்கள். பரிசைக் கொடுப்பது கடைவீதியில் இருந்த இசைக் கருவிக் கடை.

புதன்கிழமை மாலை தட்டான் அப்பாவோடு அந்தக் கடைக்குப் போனாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேலை முடிந்து, தோளில் கருவிப் பையோடு நேராக வந்திருந்தார். ரேடியோவால் வரமுடியவில்லை. அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள்.

கடைக்கார அக்கா காதில் பென்சிலைச் செருகியிருந்தார். கண்ணாடி மேஜைமேல் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இதுல ஒண்ணு உங்களுக்கு. எது வேணுமோ எடுத்துக்கலாம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்க்கா?" என்று கேட்டாள் தட்டான்.

அக்கா கறுப்புப் பெட்டியை முன்னால் தள்ளினார். "இது டிரம் மெஷின். சத்தமெல்லாம் இதுக்குள்ளேயே இருக்கு. பெரிய டிரம், சின்ன டிரம், தாளத் தட்டு, கைதட்டல், எல்லாம். இங்க வரிசையா பதினாறு பட்டன் இருக்கு பாரு. எங்கெங்க அடி விழணுமோ அந்தப் பட்டனை அமுக்கி விட்டுடு. அது பாட்டுக்கு ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் ஓடும். நீ அமுக்கின இடத்துல மட்டும் அடிக்கும். முடிஞ்சதும் திரும்ப ஒண்ணுலேர்ந்து ஓடும்."

தட்டான் நான்கு பட்டன்களை அமுக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா ஓடவிட்டார்.

தும். தும். தும். தும்.

கண்ணாடி மேஜை லேசாக அதிர்ந்தது.

"நிறுத்தலைன்னா?"

"நாளைக்கும் அடிச்சுட்டே இருக்கும். அதுக்குச் சலிப்பே வராது."

அடுத்தது சாம்பல் நிறப் பெட்டி. அதில் நாலுக்கு நாலாகப் பதினாறு ரப்பர் கட்டங்கள் இருந்தன. ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு திரை. பக்கத்தில் ஒரு குமிழ்.

"இது சாம்ப்ளர். இதுக்குள்ள ஒண்ணுமே இல்ல, காலிப் பாத்திரம். நீ எந்தச் சத்தத்தைப் போடுறியோ அதைத்தான் திருப்பித் தரும். மைக்ல ஏதாவது ஒரு சத்தம் போடு பாப்போம்."

தட்டான் யோசிப்பதற்குள், கடையின் பழைய பெட்டிகளில் இருந்த தூசி அப்பாவின் மூக்கில் ஏறிவிட்டது. "ஹாச்ச்!" என்று தும்மினார் அவர்.

அக்கா சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்துக் குமிழைத் திருகினார். "இப்போ இந்தக் கட்டத்தைத் தட்டு."

தட்டினாள். ஹாச்ச்! பக்கத்துக் கட்டத்தைத் தட்டினாள். எலிக்குஞ்சு தும்மியது போல ஒரு குட்டி ஹாச்ச். அடுத்த வரிசையில் தட்டினாள். யானைக்குச் சளி பிடித்தது போல ஒரு பெரிய ஹாஆஆச்ச்.

தட்டான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான், அவள் மனசு அந்தச் சாம்பல் பெட்டியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவளும் ரேடியோவும் சேர்ந்தால் உலகத்தில் இருக்கிற சத்தத்தையெல்லாம் இதற்குள் போட்டுவிடலாமே!

"இதெல்லாம் எப்படிக்கா பண்றீங்க?"

"எல்லாம் இந்தத் திரையைப் பார்த்துத்தான். சத்தத்தைப் பிடிக்கிறது, வெட்டுறது, எந்தக் கட்டத்துல வைக்கலாம்னு தேடுறது..."

தட்டானின் சிரிப்பு பாதியில் நின்றது. திரையைப் பார்த்து. ரேடியோ எப்படித் திரையைப் பார்ப்பாள்?

"அவசரமே இல்ல," என்றார் அக்கா. "ரெண்டாம் பரிசு வாங்கின பசங்க சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவாங்க. நீங்க எடுத்தது போக மிச்சம் இருக்கிறது அவங்களுக்கு. அதுக்குள்ள உன் கூட்டாளியையும் கூட்டிட்டு வந்து பார்த்து எடுங்க."

தட்டான் ஒரு பெரிய மூச்சு விட்டாள். "வேண்டாம்க்கா. டிரம் மெஷினையே குடுத்துடுங்க."

அப்பா புருவத்தைத் தூக்கினார். "அவளை ஒரு வார்த்தை கேட்க வேணாமா?"

"அவளுக்காகத்தான்பா இதை எடுக்கிறேன்!"

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா அப்பாவைப் பார்த்தார். "பரிசு உங்க ரெண்டு பேரோடது," என்று மட்டும் சொன்னார் அப்பா. அந்த 'ரெண்டு பேர்' கொஞ்சம் அழுத்தமாகத்தான் வந்தது. தட்டானின் காதில் அது விழவில்லை.

வீடு வரும்வரை அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். மனசுக்குள் ஏக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், பெருமை மறுபக்கம் பொங்கியது. எவ்வளவு பெரிய ஆசையை விட்டுக்கொடுத்திருக்கிறாள்! ரேடியோவுக்குத் தெரிந்தால் கட்டிப்பிடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை ரேடியோ பள்ளிக்கு வரவில்லை. மாலையில் தட்டான் பெட்டியோடு அவள் வீட்டுக்குப் போனாள்.

ரேடியோவின் அம்மா திரைச்சீலை தைப்பவர். கூடம் முழுக்கத் துணி மலை மலையாகக் குவிந்து கிடந்தது. அதன் நடுவில் தையல் எந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துணி மலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் ரேடியோ. வலது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

"பரிசா?" என்று பாதி வாயால் கேட்டாள். "குடு, குடு!"

தட்டான் பெட்டியை அவள் மடியில் வைத்தாள். ரேடியோவின் விரல்கள் அதன்மேல் மெதுவாக ஊர்ந்தன. மேல் விளிம்பு, குமிழ்கள், கீழே பட்டன் வரிசை. ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"பதினாறு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு." ஒன்றை அமுக்கினாள். "இப்போ என்ன ஆச்சு?"

"சிவப்பு லைட் எரியுது."

"திரும்ப அமுக்கினா?"

"அணைஞ்சிடும்."

"எது எரியுது, எது அணைஞ்சிருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தட்டான் விழித்தாள். அவள் அதை யோசிக்கவே இல்லை. "அதான் நான் சொல்வேன்ல?"

"நீ சாப்பிடப் போயிட்டா?" ரேடியோ தலையைச் சாய்த்தாள். "சரி, அதை அப்புறம் பாப்போம். இன்னொரு பெட்டி எப்படி இருந்துச்சு?"

அவ்வளவுதான். தட்டான் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். ரப்பர் கட்டங்கள், மைக், அப்பாவின் தும்மல், எலித் தும்மல், யானைத் தும்மல். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. ரேடியோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, சிரிக்க வைக்காதே, வலிக்குது! அவ்வளவு நல்லாயிருந்தா அதை ஏன் எடுக்கல?"

"அதுல எல்லாத்துக்கும் திரையைப் பார்க்கணும். உனக்குத்தான்..."

வாக்கியம் தானாக நின்றுவிட்டது. அதே நேரம் பார்த்துத் தையல் எந்திரமும் நின்றது.

"அதனால எனக்காக விட்டுக்குடுத்துட்ட," என்றாள் ரேடியோ. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"ஆமா..."

"நான் என்ன பண்ணணும்? தேங்க்ஸ் சொல்லணுமா?"

 தட்டான் எதிர்பார்த்தது அதைத்தான். ஆனால் அதை இப்போது வாய்விட்டுச் சொல்லமுடியுமா?

"எனக்கு எது முடியும், எது முடியாதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றாள் ரேடியோ. "எனக்குப் பல்லுதான் போச்சு. நாக்கு இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பெட்டியைத் தடவி எடுத்து, தட்டான் பக்கம் நகர்த்தி வைத்தாள். "எனக்கு வலிக்குது. நான் படுத்துக்கிறேன்."

வாசல்வரை வந்த ரேடியோவின் அம்மா, தட்டானின் தலையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டார். "நாளைக்கு வாம்மா. இன்னைக்கு அவளுக்கு வீக்கம் ஜாஸ்தியா இருக்கு." எங்கே வீக்கம் என்று அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த தட்டானுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்லது செய்யப் போனால் இப்படியா? தலையணையைத் தட்டினாள். சுவரைத் தட்டினாள். தட்டித் தட்டிக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

பிறகு பெட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிப் பார்த்தாள். ஆறாவது பட்டனுக்குள் கணக்குத் தவறிவிட்டது. ஓடவிட்டால், யாரோ மாடிப்படியில் உருண்டு விழுவது போல ஒரு தாளம் வந்தது. 'இது அவளுக்குச் சுலபம்னு நானா எப்படி முடிவு பண்ணினேன்?' என்று நினைத்தாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன கோடையில் எல்லாருமாகப் பூங்காவுக்குப் போயிருந்தார்கள். பெரியம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஐஸ்கிரீம் வாங்கினார். "இவளுக்கு வேண்டாம், இவளுக்கு இருமல் வரும்," என்று தட்டானுக்கு மட்டும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார். இருமல் வந்தது எப்போதோ இரண்டு வருடத்துக்கு முன்பு. பெரியம்மா பாசத்தில்தான் அப்படிச் செய்தார். ஆனாலும் அந்த பிஸ்கட் மண் மாதிரி இருந்தது. 'என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இருமல் போய் ரொம்ப நாளாச்சுன்னு சொல்லியிருப்பேனே,' என்று அன்றைக்கெல்லாம் பொருமிக்கொண்டிருந்தாள்.

தட்டான் டிரம் மெஷினை மெதுவாக மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை. ரேடியோவின் கன்னம் பன் அளவிலிருந்து எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தது.

"கேட்காம எடுத்தது தப்பு," என்றாள் தட்டான், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக. எங்கே நின்றால் சொல்ல வராதோ என்று அவளுக்குப் பயம். "சாரி. நேத்து கண்ணை மூடிட்டு அந்தப் பெட்டியை அமுக்கிப் பார்த்தேன். ஆறுக்கு மேல போகவே முடியல. உன்னோட கஷ்டம் எனக்கு..."

ரேடியோ சிரித்துவிட்டாள். "கண்ணை மூடிட்டா நீ ரேடியோ ஆயிடுவியா? எனக்குப் பத்து வருஷப் பழக்கம். உனக்குப் பத்து நிமிஷம். நான் எண்ணினப்ப எத்தனை வந்துச்சு?"

"பதினாறு."

"தப்பா எண்ணினேனா?"

"இல்ல."

"அவ்வளவுதான்."

தட்டான் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். எனக்கு அந்தச் சாம்ப்ளர் மேல ரொம்ப ஆசை. உனக்காக விட்டேன்னு சொன்னது நிஜம்தான். ஆனா ஆசை போகவே இல்ல. உன்மேல கொஞ்சம் எரிச்சலாக்கூட இருந்துச்சு."

"இதை நேத்தே சொல்லியிருந்தா சண்டை பாதியா குறைஞ்சிருக்கும்," என்றாள் ரேடியோ. "நாளைக்கு எத்தனை மணிக்குக் கடை திறக்கும்?"

"ஒன்பது மணிக்கு. ஆனா இதைத்தான் எடுத்தாச்சே. பெட்டியைப் பிரிச்சாச்சு. மாத்திக் குடுப்பாங்களான்னு தெரியல. பதினோரு மணிக்கு அந்தப் பசங்க வேற வந்துடுவாங்க."

"கேட்டாத்தானே தெரியும்?" என்றாள் ரேடியோ. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கடைக்கார அக்கா கடையின் ஷட்டரைத் தூக்கும்போது, வாசலில் இரண்டு பெண்கள் ஒரு பெட்டியோடு நின்றிருந்தார்கள்.

தட்டான் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஒப்பித்தாள். "அக்கா, நாங்க இன்னும் பரிசை எடுக்கவே இல்லைன்னு வச்சுக்கலாமா?"

அக்கா பெட்டியைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார். காதில் இருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"பதினோரு மணி வரைக்கும் வச்சுக்கலாம்," என்றார்.

ரேடியோ முதலில் சாம்ப்ளரைக் கேட்டாள். ரப்பர் கட்டங்களை உள்ளங்கையால் தடவினாள். "இது சுகமா இருக்கே! இந்தக் குமிழ் எதுக்கு?"

"அதைத் திருப்பினா திரையில ஒவ்வொரு வேலையா வரும். வேணுங்கிறது வந்ததும் அமுக்கணும்."

ரேடியோ குமிழைத் திருகினாள். டிக். டிக். டிக். விரலுக்கு அடியில் ஒவ்வொரு 'டிக்'கும் தெளிவாகத் தெரிந்தது.

"பதிவு பண்றதுக்கு எத்தனை டிக்?"

அக்கா குனிந்து பார்த்தார். "மூணு."

"வெட்டுறதுக்கு?"

"அதுலேர்ந்து இன்னும் ரெண்டு."

"எப்பவும் இதே வரிசையில்தான் வருமா?"

அக்கா அணைத்துப் போட்டுப் பார்த்தார். "அட, ஆமா! இதே வரிசைதான்."

"அப்போ திரையை எதுக்குப் பார்க்கணும்?" என்றாள் ரேடியோ. மூன்று டிக் திருகினாள், அமுக்கினாள். "அக்கா, ஷட்டரைக் கொஞ்சம் ஆட்டுங்களேன்."

பத்து நிமிடத்தில் ஷட்டர் சத்தம், பென்சில் உருளும் சத்தம், அக்கா "அட!" என்று சொன்ன சத்தம் எல்லாம் ஆளுக்கொரு கட்டத்தில் உட்கார்ந்துவிட்டன. சத்தத்துக்குப் பெயர் போடுவதற்கு மட்டும் திரை தேவைப்பட்டது. "அதுக்குத்தான் நீ இருக்கியே," என்று தட்டானிடம் சொன்னாள் ரேடியோ.

தட்டானுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்போ இதையே எடுத்துக்கலாமா?"

"இரு. அதையும் பாக்கணும். அன்னைக்குக் கோபத்துல நான் சரியாவே கேக்கல."

டிரம் மெஷினை ஸ்பீக்கரில் மாட்டினார் அக்கா. தும். தும். தும். தும். ரேடியோ மேஜைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு ஒரு பட்டனை அமுக்கினாள். தாளத்தில் ஓர் அடி கூடியது. திரும்ப அமுக்கினாள். அந்த அடி போய்விட்டது.

"எரியுதா இல்லையான்னு லைட் சொல்லத் தேவையில்ல," என்றாள். "அதுவே சத்தம் போட்டுச் சொல்லுதே!"

தும் தும் என்று தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியோவின் உதடுகள் தானாகக் குவிந்தன. நடுநடுவே ஒரு குழாய் சொட்டியது. ஒரு ஸ்கூட்டர் கிளம்ப மறுத்து இருமியது. தட்டானின் விரல்கள் கேட்காமலேயே மேஜைக்குப் போய்விட்டன. தட்டு, தடதட்டு, தட்டு. பெட்டி அடிக்க, ரேடியோ இடையில் புக, தட்டான் சுற்றிச் சுற்றி வந்தாள். தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் கடைக்குள் எட்டிப் பார்த்து, காலால் தாளம் போட்டுவிட்டுப் போனார்.

"இப்போ அதுல இதையே செய்வோம்," என்றாள் தட்டான், மூச்சு வாங்கியபடி.

சாம்ப்ளரில் ரேடியோ சொட்டும் குழாயைப் பதிவு செய்தாள். தட்டான் கட்டத்தைத் தட்டினாள். ரேடியோ ஸ்கூட்டரைப் பதிவு செய்தாள். தட்டான் அதையும் தட்டினாள். வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் "அடுத்தது எந்தக் கட்டம்?" "இரு, அது இல்ல, அதுக்கு மேல," என்று பேச்சே அதிகமாக இருந்தது.

தட்டான் திடீரென்று நிறுத்தினாள். "உனக்கு வேலையே இல்லாமப் போச்சு."

"ஆமா," என்றாள் ரேடியோ. "என் சத்தமெல்லாம் அதுக்குள்ள போயிடுச்சு. நான் சும்மா நிக்கிறேன். உன் கையும் மேஜையில படவே இல்ல, கவனிச்சியா? எனக்குக் கேக்கவே இல்ல."

தட்டான் தன் கைகளைப் பார்த்தாள். உண்மைதான்.

"எந்தச் சத்தம் வேணும்னாலும் நான் போடுவேன்," என்றாள் ரேடியோ. "என்னால முடியாதது ஒண்ணே ஒண்ணுதான். தும் தும்னு விடாம அடிக்கிறது. மூச்சு முட்டிடும்."

"எனக்கும் அதான். நானே அடியையும் பிடிச்சுக்கிட்டு மேல தட்டுறதுன்னா விரல் கழண்டுடும்."

தட்டான் சாம்பல் பெட்டியைப் பார்த்தாள். ஆசை இன்னும் இருக்கத்தான் செய்தது. ஆனால் சற்று முன் தும் தும்முக்கு நடுவே ஓடிய விரல்கள் இன்னும் குறுகுறுத்துக்கொண்டிருந்தன.

"ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிட்டு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லணும்," என்றாள் ரேடியோ. "எனக்காகன்னு சொல்லக்கூடாது. உனக்கு எது வேணுமோ அது."

"நீயும் எனக்காகன்னு சொல்லக்கூடாது."

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

"டிரம் மெஷின்!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. அக்கா கைதட்டினார்.

"ஆனா பதினாறு பட்டனும் ஒரே மாதிரி இருக்கு," என்றாள் ரேடியோ. "ஒவ்வொரு தடவையும் எண்ணிட்டு உட்கார்ந்திருக்க முடியாது."

தட்டான் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். "எனக்கு ஒரு யோசனை தோணுது. சொல்லட்டுமா?"

"சொல்லு."

"நாலு நாலு பட்டனுக்கு ஒரு தடவை ஏதாவது குட்டியா ஒட்டி வச்சா?"

"நல்ல யோசனைதான். ஆனா ஒண்ணாவது பட்டனுக்கு மட்டும் ரெண்டா ஒட்டு. அப்போதான் எங்க ஆரம்பிக்குதுன்னு சட்டுனு கிடைக்கும்."

கருவிகளின் அடியில் வழுக்காமல் இருக்க ஒட்டும் ரப்பர் பொட்டுகள் அக்காவிடம் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்று, ஐந்து, ஒன்பது, பதின்மூன்று. தட்டான் ஒட்ட ஒட்ட, ரேடியோ தொட்டுப் பார்த்து, "இது கோணல், பிரிச்சு ஒட்டு," என்று வேலை வாங்கினாள்.

கடைசிப் பொட்டை ஒட்டும்போது பதினோரு மணி ஆகிவிட்டது. இரண்டாம் பரிசுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் மூன்று பேர், அண்ணன் தம்பிகள். மூன்று விதமாக விசிலடித்துப் பரிசு வாங்கியவர்கள்.

"எங்களுக்கு எது மிச்சம்?" என்று கேட்டான் மூத்தவன். நல்லது போய்விட்டது என்று முடிவுகட்டிக்கொண்டு வந்த முகம் அவனுக்கு.

அக்கா சாம்ப்ளரை நகர்த்தி வைத்தார். "உள்ள ஒண்ணுமே இல்ல. நீங்கதான் போட்டுக்கணும்."

"ஒண்ணுமே இல்லையா?" கடைக்குட்டியின் உதடு பிதுங்கியது.

தட்டானால் பொறுக்க முடியவில்லை. "ஐயோ, அதுதான் இதுல விசேஷமே! நான் காட்டட்டுமா?" என்று முன்னால் வந்தாள். "உங்க மூணு விசிலையும் இதுல போட்டா முப்பது விசிலா வரும் தெரியுமா?"

பிதுங்கிய உதடு நேரானது. ஐந்து நிமிடத்தில் கடை முழுக்க விசில்களாகப் பறந்தன. தட்டான்தான் கட்டங்களைத் தட்டினாள். ரேடியோ டிக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள்.

மூத்தவன் கொஞ்சம் தயங்கிவிட்டு ரேடியோவிடம் வந்தான். "போட்டியில நீ ஒரு பழைய கதவு திறக்கிற மாதிரி சத்தம் போட்டியே, அதை இதுல ஒரு தடவை போட்டுத் தர்றியா? நாங்க தோத்ததே அந்தக் கதவாலதான்."

ரேடியோவுக்கு வீங்கிய கன்னம்கூடச் சிவந்துவிட்டது. மைக்குக்குப் பக்கத்தில் வந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்தாள்.

கிர்ர்ரீஈஈச்ச்.

தட்டான் கட்டத்தைத் தட்டினாள். கிர்ர்ரீஈஈச்ச் என்று பெட்டிக்குள் ஒரு கதவு திறந்தது. கீழ் வரிசையில் தட்டினாள். அரண்மனைக் கதவு ஒன்று அசைந்து அசைந்து திறந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ரேடியோ மட்டும் தலையைச் சாய்த்து, மிகவும் கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு அது?"

"யாரா? நீதான்!" என்றாள் தட்டான்.

"நானா?" முன்பு பதிந்த குழாயும் ஸ்கூட்டரும் கட்டம் தேடும் பேச்சிலேயே ஓடிப்போயிருந்தன; ரேடியோ தன் சத்தத்தை வெளியே நின்று நிதானமாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. "திரும்பப் போடு."

தட்டான் போட்டாள்.

"இன்னொரு தடவை."

தட்டான் இன்னொரு தடவை போட்டாள். கடையில் எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

ரேடியோவின் முகம் மெதுவாக மலர்ந்தது.

"நல்ல கதவுதான்," என்றாள். "கொஞ்சம் எண்ணெய் போடணும்."